சின்னச் சாவு, நடுச் சாவு, பெரிய சாவு

அந்தச் சாவு அவள் வைத்தது அல்ல.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் நிற்கும் காவலாளி எப்போதும் நடுச் சாவுதான் சாவான். குண்டு நெஞ்சில் பட்டதும் ஒரு முனகல், தொண்டை அடைத்துக்கொள்கிற சத்தம், பிறகு துப்பாக்கி தரையில் விழுகிற ஒலி. அந்த மூன்றையும் வெட்டி, ஒட்டி, அளவு பார்த்து அங்கே பொருத்தியவள் அவள்தான். இன்று துப்பாக்கி விழுந்த பிறகும் அவனுடைய சாவு முடியவில்லை. தரையில் கிடந்தவனிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. நீளமான, ஈரமான, உள்ளே இழுக்கிற மூச்சு. கேமில் செத்துப்போகிறவன் மூச்சை வெளியே விட்டபடி சாவான். உள்ளே இழுப்பவன் இன்னும் இருக்கிறான் என்று அர்த்தம். கேமுக்குச் சத்தம் அமைக்கிற அவளுடைய தொழிலில் அது முதல் பாடம்.

அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். திரையில் காவலாளி கவிழ்ந்து கிடந்தான். வெளியே மழை பிடித்திருந்தது. சாயங்கால வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்த ஹாலில், இழுத்துவிட்ட திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் ஏறி இறங்கியது. ஹெட்போனின் தோல் காதுமடலில் வெதுவெதுப்பாக ஒட்டியிருந்தது. அவள் மறுபடியும் பழைய இடத்திலிருந்து தொடங்கி, படியேறி, அதே காவலாளியைச் சுட்டாள். முனகல். அடைப்பு. துப்பாக்கி. மூச்சு. இந்த முறை மூச்சு கொஞ்சம் கூடவே நீண்டது.

அந்தக் குரல் யாருடையது என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை. அந்த கேமில் சாகிற எல்லோருக்கும் ஒரே குரல்தான். அவளுடைய கணவரின் குரல்.

கதாநாயகனுக்குக் குரல் கொடுக்க ஊரே வரிசையில் நிற்கும். சாவதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அவர் அதில் கெட்டிக்காரர். வீடு பார்க்கப் போன இடத்தில் என்ன வேலை என்று கேட்ட உரிமையாளரிடம், முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "செத்துப் பிழைக்கிறேன் சார்" என்றார். அந்த வீடு கிடைக்கவில்லை. கிடைத்த வீட்டில் உள்ளறைச் சுவரோடு கட்டிய ஒரு பெரிய அலமாரி இருந்தது. ஓர் ஆள் நின்று கையை ஓரளவு விரிக்கலாம். தட்டுகளைக் கழற்றி, சுவர் முழுக்க மெத்தைப் பஞ்சு அடித்து, அதன் மேல் பழைய படுக்கை விரிப்புகளை இழுத்துத் தைத்து, அதை இருவரும் ஒலிப்பதிவு அறையாக்கினார்கள். உள்ளே பாச்சை உருண்டை வாசம் போகவே இல்லை. அவர் உள்ளே நின்று சாவார். அவள் ஹாலில் மேஜைக்கு முன் உட்கார்ந்து, அவர் சாவதை ஹெட்போனில் கேட்டு, பதிந்து, பெயர் வைத்து அடுக்குவாள். பின்னாலிருந்து கழுத்தைத் திருகினால் சின்னச் சாவு. குண்டு பட்டால் நடுச் சாவு. நெருப்பு, வெடி, உயரத்திலிருந்து விழுவது எல்லாம் பெரிய சாவு. "இன்னைக்கு மூணு பெரிய சாவு இருக்கு, தொண்டைக்கு வெந்நீர் போட்டு வை" என்று அவர் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டு, ஒருநாள் எரிவாயு உருளை கொண்டுவந்த ஆள் உருளையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவளை அவர் காதம்மா என்றுதான் கூப்பிடுவார். பக்கத்து அறையில் மின்விசிறி ஒரு சுற்று தவறினால்கூடக் கண்டுபிடித்துவிடுகிற காது அது.

அவள் புரோகிராமரைப் போனில் அழைத்தாள். அலுவலகத்தில் எல்லோரும் அவரை மொட்டை என்பார்கள். அவரே அப்படித்தான் போனை எடுப்பார். படிக்கட்டுக் காவலாளியின் சாவில் கூடுதலாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அவள் சொன்னதும், அவர் தட்டுகிற விசைப்பலகைச் சத்தம் சிறிது நேரம் கேட்டது. அப்படி எதுவும் இல்லை என்றார். அவள் கடைசியாக அனுப்பியவைதான் இருக்கின்றன, ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

"யாரோ செத்தவன் கொஞ்சம் அதிகமா செத்துட்டான்னு நினைச்சுக்கயேன்மா" என்றவர், சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உணர்ந்தவர்போலச் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட இந்தக் கடைசிச் சரிபார்ப்பைக் கொடுத்திருக்கவே கூடாது. நான் வேற யாரையாவது கேட்கச் சொல்றேனே."

"வேண்டாம்ணா. நானே முடிச்சுடறேன்."

"சரி. ஆனா ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. ஏழு மணிக்குக் கேமை எல்லாருக்கும் திறந்துவிட்டாச்சுன்னா அப்புறம் என் கையில இல்லை. இப்பவே வாசல்ல கூட்டம் மாதிரி காத்துக்கிட்டிருக்கானுங்க."

அவள் எதுவும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியும். அந்த மூச்சு தவறு என்று எழுதிக்கொடுத்தால் அதைத் தேடி எடுத்துவிடுவார்கள். கணவர் செத்துப்போன பிறகு அவரிடமிருந்து அவள் கேட்கிற முதல் புதுச் சத்தம் அது.

அடுத்த தளத்தில் எதிரிகள் கூட்டமாக வருவார்கள். அந்த கேம் நிற்கவிடாது. நின்றால் செத்தோம். ஓடிக்கொண்டே சுட வேண்டும், சுட்டுக்கொண்டே குண்டு நிரப்ப வேண்டும், கதவை உதைத்துத் திறக்கிற அதே மூச்சில் உள்ளே இருக்கிறவனை வீழ்த்த வேண்டும். அவளுக்கு அது கைப்பழக்கம். சத்தம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக இதே தாழ்வாரங்களில் எத்தனையோ முறை இதே ஆட்களைக் கொன்றிருக்கிறாள். மனசு ஒரு பக்கம் இருக்க விரல்கள் தாமாகவே வேலையைப் பார்க்கும். இடதுபக்கத் தூணுக்குப் பின்னால் ஒருவன், மேலே கம்பித் தடுப்பில் இருவர், பீப்பாய்க்குப் பக்கத்தில் தீக்குழலோடு ஒருவன். சுட்டாள். ஒவ்வொருவனும் விழுந்தான். ஒவ்வொருவனும் விழுந்த பிறகு மூச்சை உள்ளே இழுத்தான்.

மூச்சுக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. துணி உரசுகிற சத்தம். யாரோ சுவரில் சாய்ந்து, சாய்ந்தபடியே கீழே சரிகிற சத்தம். முதுகு துணியில் தேய்ந்துகொண்டே இறங்கி, இறங்கி, உட்கார்ந்தது. எதிரொலி துளிகூட இல்லாத சத்தம். கேமில் அந்தத் தாழ்வாரம் இரும்பும் சிமெண்டுமாக இருந்தது. அங்கே ஊசி விழுந்தாலும் எதிரொலிக்க வேண்டும். எதிரொலியே இல்லாமல், பஞ்சு தின்றுவிட்டதுபோலச் சத்தம் செத்து விழுகிற இடம் அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

பதிவு நடக்கும்போது அலமாரிக் கதவைத் திறக்கக் கூடாது. அது அவர்களுக்குள் இருந்த சட்டம். தொடக்கத்தில் ஒருமுறை அவர் மூச்சுத் திணறுவதைக் கேட்டுப் பதறி ஓடிக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் வியர்வை வழிய, ரொம்ப நல்லா இருக்கிற மனுஷனாக, உள்ளே நின்றுகொண்டு அவளை முறைத்தார். "நல்லா வந்துட்டிருந்துச்சு. கெடுத்துட்டியே காதம்மா." அதற்குப் பிறகு அவள் பழகிக்கொண்டாள். கணவர் பக்கத்து அறையில் துடிதுடித்துச் சாவதைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்கப் பழகினாள். நன்றாகத் துடித்தால் சந்தோஷப்படப் பழகினாள். வேறு எந்த வீட்டிலும் ஒரு பெண்ணுக்கு இந்தப் பழக்கம் வந்திருக்காது.

கடைசி நாள் காலையில் ஒரு பெரிய சாவு பாக்கி இருந்தது. அவர் கொடுத்தார். அவள் அதுவரை கேட்டதிலேயே அதுதான் உண்மையாக இருந்தது. உள்ளே பேசுகிற பொத்தானை அழுத்தி, "இதுதாங்க. இப்படியே இன்னொண்ணு குடுங்க" என்றாள். சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். முந்தைய பதிவு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டு ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடிக்கிறார் என்று நினைத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார் என்று நினைத்தாள். கதவைத் திறந்தபோது அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார்.

இதயம் என்றார் மருத்துவர். ஒரே அடி, கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது, கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், குளித்தாள், வருகிறவர்களுக்குப் பதில் சொன்னாள். ஆனால் அவள் ஹெட்போனைக் கழற்றிய பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கும்வரை அலமாரிக்குள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. அவர் கூப்பிட்டாரா இல்லையா என்பது அதில் இருந்தது. அன்றைக்கே அவள் அதைக் கேட்காமல் அழித்துவிட்டாள். மைக்கைப் பெட்டியில் வைத்தாள், வயரைச் சுருட்டினாள், அலமாரியைச் சாத்தினாள். மருத்துவரின் வாக்கியம் பத்திரமாக இருந்தது.

இப்போது அந்த வாக்கியம் ஆட்டம் கண்டது. அழித்தது எப்படித் திரும்பி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. வந்துவிட்டது. துண்டு துண்டாக, ஒவ்வொரு சாவின் வாலிலும் கொஞ்சம் கொஞ்சமாக. மிச்சத்தைக் கேட்க வேண்டுமானால் வழி ஒன்றுதான்.

அவள் கன்ட்ரோலரை எடுத்தாள்.

இப்போது விரல்களோடு மனசும் சேர்ந்து ஓடியது. கதவை உதைத்தாள். சுட்டாள். சரிந்து உட்கார்ந்த முதுகு, அசைய முயல்கிற கால், குதிகால் பலகையில் தேய்வது. இன்னொருவன். உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். இன்னொருவன். எச்சில் விழுங்குவது. அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் விழுங்குவார். காலையில் காபி கேட்பதற்கு முன்னால், சண்டையில் விட்டுக்கொடுப்பதற்கு முன்னால். ஏதோ சொல்லப்போகிறார். அவள் தாழ்வாரத்தின் நடுவில் ஓடினாள், ஒளியவே இல்லை, திரையின் ஓரம் சிவந்து சிவந்து அடங்கியது. அடுத்தவனைத் தேடினாள். சாகாமல் நிற்கிறவன் எவனாவது இருக்கிறானா என்று பசியோடு தேடினாள். தன் நாக்கில் இரும்புச் சுவை ஏறியிருப்பதை, கீழுதட்டைக் கடித்துவைத்திருப்பதை, அவள் கவனிக்கவில்லை.

மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தார். தினமும் இந்த நேரத்துக்கு அவர் பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கூரை முழுக்கக் கரகரக்கும். ஹெட்போனைத் தாண்டியும் அவளுக்கு அது கேட்டது. அதே நேரத்தில் அவள் சுட்டவன் விழுந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். அந்த மூச்சுக்குப் பின்னால், பஞ்சையும் துணியையும் தாண்டி, மழுங்கலாக, தூரத்தில், நாற்காலி இழுபட்டது.

ஒரே நாற்காலி. ஒரே இழுப்பு. நடுவில் ஒரு தடங்கல், பிறகு மிச்சம். வெளியிலும் உள்ளேயும்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். அன்றைக்கும் மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்திருப்பார். தினமும் இழுப்பவர்தானே. ஆனால் அது காலை. அவர் சாயங்காலத்தில்தான் இழுப்பார். அவள் காது அவளோடு சேர்ந்து பொய் சொல்ல மறுத்தது.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. சத்த வேலை செய்கிற யாரும் செய்வதுதான். இரண்டு பதிவுகள் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பார்க்க ஒருமுறை கையைத் தட்டிப் பார்ப்பார்கள். அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்ற ஒருவனைத் தேர்ந்தெடுத்தாள். சுட்டாள். அவன் மடங்கினான். மூச்சு தொடங்கியது. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, இருட்டிவிட்ட தன் வீட்டு ஹாலில், அவள் ஒரே ஒரு முறை கை தட்டினாள்.

செத்துக்கொண்டிருந்தவனின் மூச்சுக்குப் பின்னால், மூடிய கதவுக்கு அப்பால், யாரோ ஒரு முறை கை தட்டினார்கள்.

மூச்சு நின்றது. சத்தம் வந்த திசையில் காது கொடுக்கிறவர் நிறுத்துவதுபோல நின்றது.

பழைய பதிவு இல்லை. எதுவும் திரும்பி வரவில்லை. இது இப்போது நடக்கிறது.

அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். திரை உறைந்தது. பாதி தூக்கிய கை, பாதி விழுந்த உடல், காற்றில் நின்ற புகை. கேமின் சத்தம் முழுவதும் அறுந்தது. ஹெட்போனில் ஒன்றுமே இல்லாத வெறுமை வந்தது. அந்த வெறுமைக்குள் மூச்சு மட்டும் மீண்டும் தொடங்கியது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

மூச்சு நிற்கவில்லை.

உள்ளறையிலிருந்து வந்தது. தூரத்தில், மரத்துக்குப் பின்னால், துணிக்குப் பின்னால். மழை ஓய்ந்திருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர், குளிர்பதனப் பெட்டியின் முனகல், அதற்கிடையில் அது. வேலை முடித்த மனுஷன் களைத்துப்போய் மூச்சு வாங்குவதுபோல.

அவள் எழுந்தாள். ஹாலின் விளக்கைப் போடத் தோன்றவில்லை. உள்ளறை வாசலில் பாச்சை உருண்டை வாசம் எதிர்கொண்டது. அலமாரி சாத்திய நாளிலிருந்து அந்த அறையில் அந்த வாசம் இருந்ததில்லை. அதோடு வியர்வை. புது வியர்வை. அலமாரிக்கு மேல், பதிவு நடக்கும்போது மட்டும் எரிகிற சிவப்பு விளக்கு எரியவில்லை. எரிய வழியும் இல்லை. வயர் அவள் சுருட்டிவைத்த இடத்தில், பரண்மேல், சுருட்டியபடியே இருந்தது.

கதவில் கன்னத்தை வைத்தாள். மரம் சூடாக இருந்தது.

"ஏங்க."

மூச்சு நின்றது. துணி உரசியது. அந்தப் பக்கமும் ஒரு கன்னம் மரத்துக்குப் பக்கத்தில் வந்ததுபோல இருந்தது.

"முடிஞ்சுதா?"

தேய்ந்து, கரகரத்து, தோலுரிந்த குரல். நாள் முழுக்கக் கத்தியவன் குரல். அவர் குரல்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. மத்தியானத்திலிருந்து தான் எத்தனை பேரைச் சுட்டோம் என்று எண்ணப்போய், எண்ணாமல் நிறுத்திக்கொண்டாள்.

"முடிஞ்சுதுங்க" என்றாள். "இனிமே இல்லை. நான் கீழே வெச்சுட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். நீளமாக, வெளியே. நம்பிவிட்டார் என்று அதில் தெரிந்தது. இப்படியே விட்டிருக்கலாம். கதவைத் திறக்கலாம், அல்லது திறக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து விடியும்வரை அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவள் வாயில்தான் இருந்தது. அன்றிலிருந்து அங்கேயேதான் இருந்தது.

"அன்னைக்கு… என்னைக் கூப்பிட்டீங்களா?"

பிறகு எச்சில் விழுங்குகிற சத்தம்.

"நான்…" என்றார்.

அலறல் கதவை அதிரவைத்தது.

அவள் பின்னால் விழுந்தாள். அது நடுச் சாவு. முனகல், அடைப்பு. அவள் சுடவில்லை. கன்ட்ரோலர் ஹாலில் கிடக்கிறது, கேம் நின்றுகிடக்கிறது. மூச்சு உள்ளே இழுபட்டது. "காத…" இன்னொரு அலறல். பின்னாலிருந்து கழுத்தைத் திருகுகிற சின்னச் சாவு, எலும்போடு. மூச்சு. உடனே நெருப்பு.

ஹாலில் போன் அடித்துக்கொண்டிருந்தது. தவழ்ந்து போனாளா ஓடினாளா என்று தெரியவில்லை. போன் காதில் இருந்தது.

"திறந்தாச்சும்மா" என்றார் மொட்டை. பின்னால் அலுவலகமே கைதட்டிக்கொண்டிருந்தது. "ஏழு அடிச்ச நிமிஷத்துல உள்ளே பாய்ஞ்சானுங்க. எங்கெங்கேயோ இருந்து. நாங்க நினைச்சதைவிட ரொம்ப…"

"நிறுத்துங்கண்ணா."

"எதை?"

"எல்லாரையும். சுட வேண்டாம்னு சொல்லுங்க. மூடிடுங்க."

அவர் சிரிக்கப்போனார். அவள் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, துக்கக்காரியிடம் பேசுகிற குரலில், மூட முடியாது, அது இனி யார் கையிலும் இல்லை, அவரவர் வீட்டில் அவரவர் விளையாடுகிறார்கள் என்றார். அவள் தனியாக இருக்கிறாளா, யாரையாவது அனுப்பட்டுமா என்றார். உள்ளறையில் ஒரு சாவு முடிவதற்குள் அடுத்த சாவு ஆரம்பித்திருந்தது. போனில் அவருக்கு அது கேட்கவில்லை.

"எல்லாரும் ஒண்ணே ஒண்ணைத்தான் எழுதறாங்கம்மா" என்றார். "சாவு எல்லாம் நிஜம் மாதிரி இருக்காம். இப்படி ஒண்ணை இதுவரைக்கும் கேட்டதே இல்லையாம். இந்தப் பாராட்டெல்லாம் அண்ணனுக்குப் போய்ச் சேரணும்."

போன் கைநழுவியது.

அவள் திரும்பிப் போனாள். இப்போது இடைவெளிகள் இல்லை. அலறல்மேல் அலறல். ஒரு தொண்டை, இரண்டு அலறல். ஒரு தொண்டை, பத்து. குண்டும் நெருப்பும் கத்தியும் ஒன்றின்மேல் ஒன்றாக. அலமாரி சுவரோடு சேர்ந்து ஆடியது. கதவின் கைப்பிடி சுட்டது. அவள் இழுத்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

பஞ்சுச் சுவர். அதன் மேல் அவள் தைத்த விரிப்பு, நீலப் பூப்போட்டது. இருட்டில் பூக்கள் அசைந்தன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தோள் துணியைத் தள்ளியது. அடி விழுந்தது. தோள் உள்வாங்கியது. இரண்டு உள்ளங்கைகள், விரல் விரித்து. தையல் விடவில்லை. நெற்றி. மூக்கு. துணி ஈரமாகி முகத்தோடு ஒட்டியது. அவள் கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டாள். கொதித்தது. முகம் அவள் கை இருந்த பக்கம் திரும்பியது. தெரிந்துகொண்டது.

துணி உள்ளே இழுபட்டு ஒரு வாயானது. அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் திறந்தது.

எங்கோ ஒரு வீட்டில் யாரோ சுட்டார்கள்.

வாய் கிழிய அலறி மூடியது. மறுபடி திறந்தது.

இன்னொரு வீட்டில்.

மறுபடி திறந்தது.